சாம்பிராணி குடித்த கார்

எங்கள் மாமாவின் கார் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணிப் புகை குடிக்கும். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிடுவார். அம்மா தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணித் தூளைத் தூவிக்கொண்டு வருவாள். காரை மூன்று முறை சுற்றிவிட்டு, இன்ஜின் காற்று இழுக்கும் குழாயின் வாயருகே தூபக்காலைப் பிடிப்பாள். மேலே போய்க்கொண்டிருந்த புகை சட்டென்று வளைந்து அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிடும். ஒரு இழை கூட வெளியே வராது.

"பாத்தியா, சாமி ஏத்துக்கிச்சு" என்பாள் அம்மா.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊரான வேங்கிக்காலில் வீடுகள் ஒன்றிரண்டாக எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் வாசலில் நின்றால் மலை முழுதாகத் தெரியும். அந்தி நேரத்தில் மலை ஊதா நிறமாகி, மேகம் அதன் தலையில் வந்து உட்காரும். கார் குடித்த புகைதான் எந்த வழியிலோ போய் அங்கே மேகமாக நிற்கிறது என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்படியும் நம்பிக்கை போகவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கார் வாங்குவதற்கு முன்னால் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய், வேன் வேர்க்கடலைக் கொல்லையில் கவிழ்ந்துவிட்டது. கால் முறிந்து, மூன்று மாதம் எங்கள் கூடத்தில் படுத்துக் கிடந்தார். கால் கூடியதும் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அந்த முதல் வெள்ளிக்கிழமையே அம்மா தூபக்காலை எடுத்துவிட்டாள்.

சில மாதங்கள் நன்றாக ஓடிய கார் பிறகு சண்டித்தனம் செய்தது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். மேட்டில் ஏறும்போது இருமும். மாமாவுக்கு வழக்கமாகச் சவாரி தருகிற லாட்ஜ்காரர் ஒருவர் இருந்தார். அவர் அனுப்பிய குடும்பத்தைக் காட்பாடிக்கு ரயிலேற்றப் போனபோது, போளூர் தாண்டுவதற்குள் கார் மூன்று தடவை நின்றுவிட்டது. ரயிலும் போய்விட்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வதாக லாட்ஜ்காரர் சொல்லிவிட்டார். அப்படி ஆகிவிட்டால் மாமா மெட்ராஸுக்குப் போய் லாரிதான் ஓட்டியாக வேண்டும். லாரி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணியை இரண்டு பங்காகப் போட்டாள்.

மறுநாள் மாமா மெக்கானிக்கிடம் போனபோது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். அவர் எதையெதையோ கழற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் காற்றுக் குழாயிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சாமானை எடுத்தார். அதன் உள்ளே தலைமுடி போல ஒரு கம்பி. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அந்தக் கம்பிதான் அளந்து சொல்லுமாம், அதற்குத் தக்கபடிதான் பெட்ரோல் வருமாம். கம்பியின்மேல் பழுப்பாக ஏதோ பிசுக்கு ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாப்பா இது, சென்சார்ல சாம்பிராணி வாசனை தூக்குது?"

மாமா விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அது பிசின்பா, ஃபில்டரத் தாண்டிப் போய் ஒட்டிக்கும். ஜாஸ்தியானா கம்பிக்குக் கணக்கே தெரியாது. அக்காகிட்ட சொல்லி நிறுத்து" என்றார். ஒரு டப்பாவிலிருந்து பிசுக்கைக் கரைக்கும் மருந்தைக் கம்பிமேல் அடித்தார். துணியாலோ விரலாலோ தொட்டால் கம்பி அறுந்துவிடும், தானாகக் காய வேண்டும் என்றார். காய்ந்ததும் மாட்டினார். கார் இருமலை விட்டுவிட்டுச் சீராக உறுமியது.

மாமா நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்த மருந்து டப்பாவையும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், கார் கழுவுகிறேன் என்ற பெயரில் இரண்டு திருகாணிகளைக் கழற்றுவார், மருந்து அடிப்பார், சென்சாரை வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுவார். வெள்ளிக்கிழமை அம்மா பூசுவதைச் சனிக்கிழமை மாமா கழுவினார். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற சங்கதிக்கு இவ்வளவு பாடா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ரோஸ்மில்க் சத்தியம் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம், தான் சாம்பிராணி காட்டுவதால்தான் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, அதனாலதாம்மா கெட்டுப்போச்சு! மாமா வாரா வாரம் கழுவிக்கினு இருக்காரு!"

அம்மா என்னைத் திட்டவில்லை. அத்தையை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அம்மா தூபக்காலோடு வந்தாள். காரை மூன்று முறை சுற்றினாள். குழாய் வாயில் வழக்கம்போலப் பிடித்தாள். புகையும் இல்லை, வாசனையும் இல்லை. தூபக்காலில் வெறும் தணல் மட்டும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. மாமா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். கண் திறந்ததும் தணலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "போதும்க்கா" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால், மாமா மறுபடியும் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்! கம்பி பளபளவென்று சுத்தமாக இருந்தது. அதன்மேல் மருந்தை அடித்து, காயவைத்து, பொறுமையாகக் காத்திருந்தார். எனக்கு ஒன்றும் விளங்காமல் உள்ளே ஓடினேன். அம்மா ஜன்னலருகே நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லாதத மாமா கழுவறாரும்மா."

"தெரியும். என் மனசு நோகக் கூடாதுன்னு கழுவறான். கழுவட்டும்."

"அப்ப நீ எதுக்கு வெறும் தணலக் காட்ற?"

"காட்டலன்னா அவன் பயந்துப்பான்டி" என்றாள், ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சீட்டியடித்துக்கொண்டே காரைப் பறக்கவிடுகிற மாமாவுக்குப் பயமா? பயப்படுகிறது எப்போதும் அம்மாதான் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வேனோடு சேர்ந்து கவிழ்ந்தவர் மாமா, அம்மா இல்லை என்கிற சின்ன விஷயம்கூட எனக்கு அந்த வயதில் உறைக்கவில்லை.