கிளச்சில இருந்து கால் எடுக்காத மனுசன்

சிவபாதசுந்தரம் ஐயா அந்த வருசத்தில மூணாவது தடவையா என்ட கராஜ் வாசல்ல வந்து நின்டாரு. "றேமண்ட், திரும்பவும் கியர் கறகற எண்டுது" என்டாரு. எனக்கு வந்த எரிச்சலுக்குக் கையில இருந்த ஸ்பேனரத் தூக்கி எறிஞ்சிருப்பேன். தொண்ணூத்தெட்டு அது. சண்டையால கொழும்புக் கொட்டாஞ்சேனையில வேலை பாதியாக் குறைஞ்சு போன காலம். அந்தப் பாதியிலயும் ஒரே காரின்ட கிளச்ச எத்தன தரம்தான் கழட்டுறது.

கார், அம்பத்திரண்டாம் ஆண்டு எம்ஜி. ரெண்டே ரெண்டு பேர் குந்தலாம், மேல துணிக்கூரை. ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குப் போகக்குள்ள வித்தது. அரசாங்கக் கச்சேரியில கிளாக்கா இருந்த மனுசன் இளந்தாரி வயசில ஆசப்பட்டு வாங்கி, பென்சன் எடுத்த பிறகும் விடல்ல. வெள்ளவத்தையில ஊர் முழுக்க ஜப்பான் கார் ஓட்டக்குள்ள, இவர் மட்டும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கொண்டு இதுக்குள்ள இறங்குவாரு. பாத்தா சிரிப்பு வரும்.

ஆனா பேச மனம் வராது. அவர்ட ஒரே மகன் சிவபாலன் பதினாலு மாசமா மறியல்ல, ஜெயிலுக்குள்ள. இதே காரில போகக்குள்ள பம்பலப்பிட்டி செக்பொயின்ட்ல பிடிச்சது. வழக்கு இழுபட்டுக்கொண்டே கிடக்குது. மாசத்தில ஒரு சனிக்கிழமை பாக்க விடுவாங்க. பஸ்ல போனா வழி நெடுக இறக்கி ஏத்தி, ஐடென்டிட்டி கார்ட் பாத்து, போய்ச் சேரக்குள்ள பாக்கிற நேரம் முடிஞ்சிடும். ரெண்டு தரம் வாசலோட திரும்பி வந்தவர். கார் ஓடினா மகனப் பாப்பாரு, ஓடாட்டி இல்ல. எப்பிடிப் பிடிச்சாங்க என்டு நான் கேட்டதில்ல. அந்த நாளையில அத யாரும் யாரிட்டயும் கேக்கிறதில்ல.

பெடலக் கையால அமத்திப் பாத்தேன். முக்கால் இஞ்சி சும்மா போகணும், அதுக்குப் பிறகுதான் கிளச் பிடிக்கணும். இது ரெண்டு இஞ்சி போனது. இப்பிடி இருந்தா எவ்வளவு மிதிச்சாலும் கிளச் முழுசா விடாது, கியரும் விழாது. அடியில படுத்துப் பாத்தா கம்பி சரி, நட் சரி. தேஞ்சது உள்ளுக்க இருக்கிற கார்பன் வளையம். கிளச்ச மிதிச்சா உரசுறது அதுதான். நாலஞ்சு வருசம் வாற சாமான் நாலு மாசத்தில தேஞ்சிருக்கு. எங்கிட்ட மிச்சம் இருந்ததும் ஒன்டே ஒன்டு. சீமையில இருந்து இனி எடுக்க வழியில்ல.

"ஐயா, நீங்க கிளச்சுக்கு மேலயே கால வெச்சுக்கொண்டு ஓட்டுறீங்க."

"முப்பது வருசமா ஓட்டுறன். எனக்கு ஓட்டப் பழக்கிறீரோ?"

ரெண்டு பேருக்கும் கோவம். கடைசி வளையத்தப் போட்டுப் பூட்டிட்டு, "நானும் வெள்ளவத்த வரைக்கும் வாறேன், ஓட்டுங்க பாப்பம்" என்டு பக்கத்துச் சீட்டில ஏறினேன்.

மனுசன் நல்லாத்தான் ஓட்டினாரு. குறை சொல்ல ஏலாது. கொள்ளுப்பிட்டி செக்பொயின்ட்ல முன்னுக்குப் பதினஞ்சு வாகனம். நின்டதும் முதலாம் கியரப் போட்டாரு, கிளச்ச அடி வரைக்கும் மிதிச்சாரு, மிதிச்சபடியே இருந்தாரு. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். அவர்ட கால் நடுங்குறது சீட்டில எனக்குத் தெரிஞ்சது.

"நியூட்ரல்ல போடுங்க ஐயா. கார்பன் போயிடும்."

"போடமாட்டன்."

"ஏன்?"

ரோட்டையே பாத்துக்கொண்டு சொன்னாரு. "அண்டைக்கு சிவபாலன் நியூட்ரலில விட்டிருக்கிறான். ஆமிக்காரன் போ எண்டு கை காட்ட, கியர் விழேல்ல. ரெண்டாந்தரம் காட்ட, குனிஞ்சு ரெண்டு கையாலயும் கியரைத் தள்ளியிருக்கிறான். குனிஞ்சு எதையோ எடுக்கிறான் எண்டு துவக்கை நீட்டிப்போட்டாங்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வேற. குனிஞ்சதுதான் இண்டைக்கும் வழக்கு."

அவனப் பிடிக்க ரெண்டு நாளைக்கு முந்தித்தான் நான் அந்தக் கிளச்ச அட்ஜஸ்ட் பண்ணினேன். புதுக் கார்பன் தேயாம இருக்கட்டும் என்டு, முக்கால் இஞ்சி விடவேண்டிய இடத்தில ஒன்டரை இஞ்சி விட்டேன். எஞ்சின் ஆறியிருக்கக்குள்ள கியர் விழுந்தது, அதோட அனுப்பிட்டேன். பொலிசில இருந்து கார் திரும்பி வந்தப்ப கியர் விழாததப் பாத்து, சத்தம் போடாம நட்ட இறுக்கி விட்டதும் நான்தான்.

"லோயர் கேட்டவர், காரில பழுது ஏதும் இருந்ததோ எண்டு" என்டாரு ஐயா. "நான் சொல்லிப்போட்டன், றேமண்ட் கை வெச்ச காரில பழுது இருக்காது எண்டு."

சும்மா இருந்திருக்கலாம். பழைய கார்தானே ஐயா என்டு ஒரு வார்த்தையோட விட்டிருக்கலாம். தமிழன் ஒருத்தன் தானாப் போய்க் கோர்ட்டில பேர் குடுக்கிறதென்டா என்னென்டு எனக்குத் தெரியும், அடுத்ததாப் பிடிக்கிறது அவனத்தான். எனக்குப் பயம். வீட்டில பொஞ்சாதி மாக்ரெட்டும் பிள்ளைகளும் இருக்கிறாங்க.

"பழுது இருந்தது ஐயா. நான்தான் வெச்சேன்" என்டு எல்லாத்தையும் சொன்னேன்.

அவர்ட கால் கிளச்சில இருந்து தன்பாட்டில எழும்பிட்டுது. கார் முன்னுக்கு ஒரு பாய்ச்சல் பாஞ்சு நின்டுது. முன்னுக்கு நின்ட வேனில இடிக்க ஒரு சாண்தான் இருந்தது. ஆமிக்காரன் துவக்கோட ஓடி வந்தான். நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டி, சிங்களத்தில, "கிளச் எக்க ஹரி நே மஹத்தயா. வெரத்த மகே" என்டேன். கிளச் சரியில்ல, பிழை என்னோடது. அவன் என்ட கிறீஸ் பிடிச்ச கையப் பாத்தான், கிழவரப் பாத்தான். அவனும் விடியத் தொடங்கி நின்ட நிலையிலதான் நிக்கிறான். நாலு பேரக் கூப்பிட்டுக் காரத் தள்ளி ஓரமா விட்டுட்டுப் போனான்.

ஐயாவுக்கு வேர்த்து ஊத்தினது. கைலேஞ்சிய எடுத்து முகத்தத் துடைச்சாரு. என்னத் திட்டுவாரு என்டு பாத்துக்கொண்டு இருந்தேன். திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

"றேமண்ட்" என்டாரு, "இப்ப ஆமிக்காரனிட்டச் சொன்னதை நீதவானிட்டயும் சொல்லுவீரோ?"

ஓம் என்டு தலைய ஆட்டினேன்.