சம்பூர்ணம் டீச்சர் வெட்டிய குச்சிகள்

1951ஆம் வருஷம் நோன்பு மாதமும் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதமும் ஒன்றாக வந்தன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். பள்ளிவாசலுக்கும் போர்டு பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு தாழம்புதர் வேலிதான். அப்போது நான் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற மோதினார். மதியத் தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, புதிதாக வந்த டீச்சர் ஒரு சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு புதர்ப் பக்கம் போவதைப் பார்த்தேன். ஒளித்துச் செய்கிற காரியம் நல்ல காரியமாக இருக்காது என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

டீச்சர் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு உதட்டில் ஈரம் தெரியாதபடி துடைத்தார். சொம்பை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். வகுப்பில் ஏழு பிள்ளைகள் நோன்பு வைத்திருந்தார்கள். அந்த மாதம் முழுக்க அவர் அப்படித்தான் செய்தார், யாரிடமும் சொல்லவில்லை. பார்த்த நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காதோ என்னவோ.

அவர் பெயர் சம்பூர்ணம். படாளத்தில் பயிர் செய்கிற குடும்பம். கட்டிக்கொடுத்த ஒரு வருஷத்தில் புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். அண்ணன் வீட்டில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், பிடிவாதம் பிடித்துச் செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். பாடம் நடத்திப் பழகத்தான் எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசியில் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் அம்மா வந்து அவர் வகுப்பைப் பார்ப்பார். அவரும் எங்கள் பெரிய வாத்தியார் உலகநாதனும் கையெழுத்துப் போட்டால் டீச்சர் வேலை. இல்லாவிட்டால் திரும்பவும் அண்ணன் வயல். "இன்னொரு தபா படிக்க அனுப்ப மாட்டேன்" என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஊரில் யாருக்கும் அவர் மேல் நம்பிக்கை இல்லை. கையில் ஒரு நோட்டோடு வீடு வீடாக வந்து, "எத்தினி பிள்ளைங்க? பேரு இன்னா?" என்று கேட்டார். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் படும் என்று சில தாய்மார்கள் ஒன்றைக் குறைத்துச் சொன்னார்கள். ரேஷன் கார்டைச் சோதிக்க வந்தவர் என்று நினைத்தவர்கள் இரண்டைக் கூட்டிச் சொன்னார்கள். எதிர்வீட்டில் கார்டுப்படி எட்டுப் பேர். இருக்கிறது ஆறு. மீதி இரண்டு பேர் எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "சந்தைக்குப் போய்கீறாங்க" என்று பதில். சந்தை இல்லாத நாள் அது.

பெருநாள் முடிந்த மறுவாரம், என் மகள் சுராயாவை மதியச் சோற்றுக்குக் கூப்பிடப் போனேன். பிள்ளைகளைச் சுவரோரம் ஒவ்வொருவராக நிற்க வைத்து, அவரவர் உயரத்துக்கு மூங்கில் குச்சி வெட்டிக்கொண்டிருந்தார் டீச்சர். குச்சியில் மையால் பெயர் எழுதி மூலையில் கட்டாகச் சாய்த்து வைத்தார். சுராயாவின் குச்சியும் அந்தக் கட்டில் இருந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் மவுத்தானால், கப்ர்க் குழி தோண்டுவதற்கு முன் மையித்தை அளந்து அந்த உடலின் உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டுவோம். குழியின் நீளம் அந்தக் குச்சிதான். அதை வெட்டுகிறவன் நான். என் தகப்பனாருக்கும் நான்தான் வெட்டினேன். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு வெட்டி நான் பார்த்ததில்லை. சுராயாவின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். என் மனைவி சுல்தான் பீவியிடம் சொன்னேன். அவள் கிணற்றடியில் சொன்னாள். திங்கட்கிழமை வகுப்பில் முப்பத்து நாலு பிள்ளைகளுக்கு நாலு பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

பெரிய வாத்தியார் கத்தினது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. "பாடம் நடத்த வந்தியா, ஊரக் காலி பண்ண வந்தியா? வியாழக்கிழமை அந்தம்மா வருது. பெஞ்சுக்கா பாடம் எடுப்பே?"

அன்று சாயங்காலம் டீச்சர் என் வாசலில் வந்து நின்றார்.

"பாய், குச்சியப் பத்திப் பேச்சைக் கிளப்புனது நீங்கதானாமே?"

"நான்தான்" என்றேன். குச்சி எதற்கு வெட்டுவோம் என்பதையும் சொன்னேன்.

"ஐயையோ, சத்தியமா எனக்குத் தெரியாது பாய். எங்க ஊர்ல அப்டி வழக்கம் கெடையாது."

"வேற எதுக்கு வெட்டினே? அதச் சொல்லும்மா."

உள்ளேயிருந்து சுல்தான் பீவி, "நல்லாக் கேளுங்க. வூடு வூடா வந்து தலைய எண்ணிகினு இருந்தப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

"பயிற்சியில ஒரு கட்டுரை எழுதணும் பாய். பிள்ளைங்களுக்கு எப்டிச் சொல்லித் தரணும், உன் கொள்கை இன்னான்னு. மத்தவங்க புஸ்தகத்தப் பாத்து எழுதிட்டாங்க. எனக்கு என் பள்ளிக்கூடந்தான் ஞாபகம் வந்துது. அங்க மார்க்கு வரிசையில உக்கார வெப்பாங்க. கடைசி எடம் எனக்கு. மூணு வருஷம் செருப்பு வுடற எடத்துல உக்காந்துகினு படிச்சேன். பக்கத்துப் பிள்ளைய வெச்சி அளந்தா எவளோ ஒருத்தி குட்டையாத்தான் ஆவணும். அதான், அதுங்க உயரத்த அதுங்க கையாலயே சாண் போட்டு அளக்கச் சொல்லலாம்னு இருந்தேன். எழுதிட்டா போதுமா? செஞ்சி பாக்க வேணாமா?"

"சாண் போட்டா இன்னா ஆயிடும்?"

"உங்களுக்கு எத்தினி சாண்னு தெரியுமா?"

"தெர்லை."

"அப்ப இன்னா தெரிஞ்சிகினு என்னப் பத்திப் பேச்சக் கிளப்புனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சந்தேகம் போகவில்லை. இவ்வளவு வாய்ப்பேச்சு உள்ள பெண் எதையும் ஜோடிக்கலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு பாங்கு சொல்ல ஏறினபோது நாக்கு கூசிற்று. மவுத்துக்கு நாள் குறிக்கிறவன் அல்லாஹ் ஒருவன் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், ஒரு மூங்கில் குச்சிக்குப் பயந்து முப்பது பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் பிழைப்பையும் கெடுத்திருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

மறுநாள் காலை, கிணற்றடியில் பெண்கள் கூடுகிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "என்னையும் அளந்து ஒரு குச்சி வெட்டும்மா" என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல இன்னா சூது பாய்?" என்று கேட்டார். கேட்க வேண்டியதுதான். ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை நம்பாமலேதான் வெட்டிக் கொடுத்தார். பயமாகத்தான் இருந்தது எனக்கு, பொய் சொல்ல மாட்டேன். என் பெயர் எழுதின குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடி வழியாக நடந்தேன்.

"அடியே சுல்தான், ஒம் புருஷன் தன் அளவத் தானே எடுத்துகினு போறாரு பாரு!" என்று ஒருத்தி கூவினாள். சுல்தான் பீவி குடத்தைப் போட்டுவிட்டு அழுதாள்.

குச்சியைத் தரையில் கிடத்தி அவர்கள் முன்னால் சாண் போட்டேன். எட்டு. சுராயாவின் குச்சியை அவளையே அளக்கச் சொன்னேன். அவள் சின்னக் கைக்கும் எட்டு. இன்னொருத்தி தன் மகளுக்கு எத்தனை என்று கேட்டாள். ஆனாலும் ஒருவரும் பிள்ளையை அனுப்பவில்லை. நான் மறுநாள் உயிரோடு பாங்கு சொல்கிறேனா என்று பார்த்தார்கள். சொன்னேன். புதன்கிழமை ஐந்து வேளையும் சொன்னேன். வியாழக்கிழமை இருபத்தாறு பிள்ளைகள் வந்தார்கள்.

செங்கல்பட்டு அம்மா வந்து உட்கார்ந்ததை வேலியோரம் நின்று பார்த்தேன். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. "நீ எத்தனை சாண்?" என்று சுராயாவைக் கேட்டார்.

"எட்டு."

"உன் பக்கத்தில் நெட்டையாக ஒருத்தி நிற்கிறாளே, அவள்?"

"அவளும் எட்டுதான். அவ கை பெருசு."

அந்த அம்மா தன் முழங்கையை மடக்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் மேலேயே ஒரு சாண் போட்டுப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். உலகநாதனும் போட்டார். 'ஊர் வழக்கம் அறிந்து நடக்க வேண்டும்' என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போட்டார்.

இது நடந்து ஏழு வருஷமாகிறது. சம்பூர்ணம் டீச்சர் மதுராந்தகம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாராம். அவர் வகுப்பில் யாருக்கும் நிலையான இடம் இல்லை, தினம் ஒருவர் முன்னால் உட்காருகிறார்கள் என்று அங்கே போய் வந்தவர்கள் சொன்னார்கள். இங்கிருந்து போன பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் ஊரை விட்டுப் போன அன்று, திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்கு அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "சுராயா இங்க அஞ்சாவது முடிக்கட்டும்மா, மேல படிக்கறத அப்பறம் பாக்கலாம்" என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தேன்.

அவர் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"பாக்கலாம்னு சொல்றவங்க நிறுத்திடுவாங்க பாய். என் மேல உங்களுக்குச் சந்தேகம் தீந்துச்சோ இல்லியோ, உங்க மேல எனக்குத் தீரல."