இந்த வருஷம் அறுக்காத பாறை

டீலியா கோல்மன் ஃபெஸ்டியைப் பற்றிக் கேட்டால் எங்கள் கரையில் பாதிப் பேர் 'திமிர் பிடித்தவள்' என்பார்கள். மீதிப் பேரும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. கோல்மன் அவள் அப்பா, ஃபெஸ்டி தாத்தா. அயர்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் கன்னமாராவில் இப்படிச் சேர்த்துச் சொன்னால்தான் எந்த டீலியா என்று தெரியும். எனக்கு அவள் டீலியாக்கா.

லண்டனில் ஓட்டல் அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், அப்பாவுக்கு முதுகு போனதும் ஊர் திரும்பி, அவருடைய அரிவாளை எடுத்துக்கொண்டு கடல்பாசி அறுக்க இறங்கினாள். "பொம்பள அறுத்த பாசி கரைக்கு வராது" என்று பாரில் ஒரே கிண்டல். "வரலேன்னா கிளாஸ வச்சிட்டு வந்து தள்ளுங்கடா" என்றாள். தள்ளுவதற்கு ஒருவனும் தேவைப்படவில்லை.

கடல் நன்றாக வற்றியதும் பாறையில் இறங்கி, அடியில் ஒரு சாண் விட்டுப் பாசியை அறுக்க வேண்டும். கயிற்றின் மேல் குவித்து இறுக்கிக் கட்டிவிட்டால், ஓதம் ஏறி நீர் உயரும்போது அந்தப் பொதி தானே மிதக்கும். அதன் மேல் ஏறி நின்று கம்பால் தள்ளிக்கொண்டு கரை சேரலாம். கரையிலிருந்து ஆலைக்கு என் லாரி. பாசியைக் காயவைத்துப் பொடித்து உரமாக்குகிற அந்த ஆலை இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் இங்கிலாந்தில்தான் கிடப்போம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுக் கரை உண்டு. வேலி கிடையாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒரு தரம் அறுத்த பாறையை நாலு வருஷம் யாரும் தொடுவதில்லை. அக்காவின் மேற்குப் பாறைகள் அப்படித்தான் சும்மா கிடந்தன. பாசி இடுப்புயரம் வளர்ந்திருந்தது.

ஆலைக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஃபெர்கல் அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தப்பைச் செய்தான். சர்ச் ஹாலில் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னான்: "அந்தப் பாறைய யாரும் தொடுறதே இல்ல. கைவிட்ட இடம். நாங்க மெஷின் படகு விட்டு அறுத்துக்கிறோம்."

"தம்பி, உங்க வீட்ல ராத்திரி தூங்குவீங்களா?" என்று அக்கா எழுந்தாள்.

"தூங்குவோம்மா."

"அப்ப செத்துட்டீங்கன்னு உங்க கட்டில எடுத்துட்டுப் போயிடலாமா?"

ஹால் அதிர்ந்தது. ஃபெர்கலும் சிரித்துவைத்தான். ஆனாலும் படகு வந்தது.

அடியோடு உறிஞ்சி வெட்டுகிற படகு அது. அது போன இடத்தில் பாசி திரும்பத் துளிர்ப்பது சந்தேகம்தான். மேற்குப் பாறை போனால் அடுத்த வருஷம் அக்காவுக்கு அறுக்க ஒன்றுமில்லை. மறுபடி லண்டன், மறுபடி துடைப்பம், அதுவும் அறுபது வயதில்.

படகு வரப்போகிறது என்று தெரிந்ததும், கிழக்குப் பக்கம் அறுத்த பாசி முழுவதையும் அக்கா ஒரே பொதியாகக் கட்டியிருந்தாள். அப்படி ஒரு பொதியை நான் கண்டதில்லை. சின்ன வீடு மாதிரி இருந்தது. ஓதம் ஏறியதும் அதைத் தள்ளிக்கொண்டுபோய், மேற்குப் பாறைகளுக்குள் நுழைகிற குறுகலான வழியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு, மேலே ஏறி நின்றாள்.

படகு ஓட்டியவன் எங்கள் ஊர்ப் பையன் டாரா. என்ஜினை அணைத்துவிட்டுக் கூவினான்: "அக்கா, வழி விடுக்கா. எனக்கும் பொழப்பு இருக்குல்ல!"

"நான் எங்கடா மறிச்சேன்? காத்து அடங்கினதும் கரைக்குப் போவேன்."

"காத்தே இல்லியே!"

"உனக்கு இல்ல. எனக்கு அடிக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபெர்கல் முகம் சிவந்து எழுந்தான். "அது மேல ஏத்திட்டுப் போ!" என்று கத்தினான்.

டாரா அவனைப் பார்த்தான், பொதியைப் பார்த்தான். "ஏத்தினா பாசி போய் மெஷின்ல சுத்திக்கும் சார். ஓதம் இறங்கினா இங்கயே தரை தட்டி நிக்கணும். நீந்துவீங்களா?"

படகு திரும்பிப் போனது. கரையில் நின்று நாங்கள் போட்ட கூச்சலில் என் தொண்டையே கட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலமே ஃபெர்கல் போன் பண்ணினான். இனி டீலியாவின் பாசியை லாரியில் ஏற்றக் கூடாதாம். "அப்ப லாரியே வராது சார்" என்று வைத்துவிட்டேன். மற்ற வீட்டுக்காரர்களும் அரிவாளைக் கீழே வைத்தார்கள். ஆலை சும்மா கிடந்தது. கடைசியில் ஃபெர்கலே லாரியை அனுப்பச் சொன்னான், அக்காவின் பாசியோடு. ஆனால் மெஷின் படகை மட்டும் விற்கவில்லை. அது இன்னும் துறையில்தான் நிற்கிறது.

அதனால் எல்லாருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். "அவன் திரும்ப வர்றதுக்குள்ள மேக்குப் பாறைய அறுத்துடு. நாங்களும் கை குடுக்குறோம். ஒண்ணும் இல்லேன்னா அவன் எதுக்கு வரப்போறான்?" என்றேன். புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கே பெருமை.

அக்கா உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அத அறுக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"ஐயோ, அக்கா! அவன் வந்தா?"

"வந்தா போய் நிப்பேன்."

"எத்தனை நாளைக்கு நிப்ப?"

கத்தியைக் கீழே வைத்தாள். "பயந்துக்கிட்டு இன்னிக்கு அறுத்தேன்னா, அறுத்தது நான் இல்லடா. அவன். கூலி கூட இல்லாம அவனுக்கு நான் வேல பாக்கணுமா? போங்கடா, போய் அவங்கவங்க வேலயப் பாருங்க."

போனோம். மேற்குப் பாறையில் பாசி இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.