வெளிய நிக்கறது யாருங்க?

டிவியில எது நின்னாலும் அதை நிறுத்தினது கேபிள்காரங்கதான்னு இந்த ஊர்ல முடிவு பண்ணி நொம்ப நாளாச்சுங்க. மழைக்குக் கரண்ட் போனாலும் நாங்க, மரம் சாஞ்சு ஒயர் அறுந்தாலும் நாங்க, கிரிக்கெட்டுல நம்மாளுங்க தோத்தாக்கூட நாங்க. ஏற்காட்டுல ஒண்டிக்கடைங்கற கடைவீதியில எங்க ஆபீஸ். கம்பம் ஏர்றது எங்கூட்டுக்காரர் குமார். போனை எடுத்துத் திட்டு வாங்கறது செல்வியாகிய நான். எவனோ செஞ்சதுக்கு நீங்களும் கல்லாவுல உக்காந்து பேச்சு வாங்கற ஆளா இருந்தா, வாங்க, நாம ஒரே கட்சி.

இப்ப சொல்லப்போறது ஒரு சீரியலோட கடைசி நாள் சமாச்சாரம். பேர் வேண்டாம், சொன்னா இங்கயும் சண்டை வந்துரும். வெளியூருக்கு வேலைக்குப் போன புருசன் ரகு திரும்பல. பொண்டாட்டி சுமதி காத்திருக்கா. கதையே அவ்வளவுதான். அதைத்தான் அவங்க வருசக்கணக்கா இழுத்தாங்க, நாங்களும் சோத்துத் தட்டோட உக்காந்து வருசக்கணக்கா பார்த்தோம்.

கம்பம் ஏறினவர்

அன்னிக்குச் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒண்டிக்கடையில ஒரு கடையிலயும் யாவாரம் இல்லீங்க. எங்கூட்டுக்காரர், "இதையெல்லாம் மனுசன் பார்ப்பானா"ன்னு தினமும் கேட்டுக்கிட்டே தினமும் பார்க்கறவரு, அன்னிக்கு முதல் ஆளா உக்காந்துட்டாரு. சுமதி தோசை சுட்டுக்கிட்டிருக்கா. கதவை யாரோ தட்டறாங்க. அடுப்பை நிறுத்தறா, முந்தானையில கையைத் தொடைக்கறா, நடந்து வந்து தாழ்ப்பாள்ல கையை வெக்கறா. மெல்லச் சிரிக்கறா. அவ்வளவுதான், டிவி கருப்பாயிருச்சு.

போன் அடிக்க ஆரம்பிச்சது பாருங்க, அப்பப்பா. ஒரே பேச்சுதான், கதவைத் திறக்கற நேரம் பார்த்து லைனைக் கட் பண்ணிட்டீங்களேன்னு. நான் பதில் சொல்லித் திரும்பறதுக்குள்ள எங்கூட்டுக்காரரு ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு, ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு மழையில ஓடிட்டாரு. முப்பது வருசமா இதே தொழில் பண்ற மனுசன்! கம்பம் ஏறி, பொட்டியைத் திறந்து பார்த்து, தொப்பலா நனைஞ்சு வந்து நின்னாரு.

"லைன் நல்லாத்தான் இருக்குது செல்வி. கதையத்தான் கட் பண்ணிட்டானுங்க."

ஜமால் பாயோட விளம்பரம்

மறுநாள் காலையில மிளகு, காப்பித்தூள் கடை ஜமால் பாய் ஆபீஸுக்கு வந்தாரு. வந்தவரு உக்காரல. சுத்தி முத்திப் பார்த்துட்டு, எங்க லோக்கல் சேனல்ல கீழ ஓடற எழுத்துல ஒரு விளம்பரம் போடணும்னாரு. நாளைக்குக் குடிதண்ணி வராது, மண்டபம் வாடகைக்கு உண்டு, இந்த மாதிரி ஓடுமே, அதுல. கடைக்குப் புதுச் சரக்கு வந்திருக்குது போலன்னு நானும் பேனாவை எடுத்தேன்.

சரக்குமில்ல, ஒண்ணுமில்ல. கதவைத் தட்டினது போலீஸ்காரனாத்தான் இருக்கும், ரகு செத்த சேதி சொல்ல வந்திருப்பான்னு முந்தின நாள் ஊட்டுக்காரம்மாகிட்ட வாயை விட்டுட்டாராம். அந்தம்மா எந்திரிச்சு உள்ள போனது போனதுதானாம், அப்புறம் ஒரு பேச்சில்ல. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அந்தம்மா மேல பாசம் ஒரு பக்கம். அத்தனை நாள் ஒருத்தனுக்காகக் காத்திருந்துட்டு அவனைச் செத்துட்டான்னு சொன்னா நானுந்தான் எந்திரிச்சுப் போயிருப்பேன்.

"வந்தது ரகுதான்னு பெருசா எழுத்து ஓட விடுங்க செல்விம்மா, அதைப் பார்த்தாத்தான் எங்கூட்டுல எனக்கு டீ."

மாஸ்டருக்கு ஏழரை மணி

ஏரிப் பக்கம் ஒரு ஓட்டல்ல சமையல் மாஸ்டர் ஒருத்தரு. ஊட்டுக்காரம்மாவும் புள்ளைங்களும் கீழ ஆத்தூர்ல. சீசன்ல லீவே கிடைக்காது அவருக்கு. ஏழரை ஆனா, மாஸ்டர் அந்தம்மாவுக்குப் போன் போட்டுக் காதுல வெச்சுக்கிட்டே கரண்டி பிடிப்பாரு. மலை மேல ஓட்டல் டிவியில இவரு, ஆத்தூர்ல அவங்க, ரெண்டு பேரும் சேர்ந்து சுமதியைப் பார்ப்பாங்க. பெருசா ஒண்ணும் பேசமாட்டாங்களாம். "பாத்தீங்களா", "பாத்தேன் பாத்தேன்", அவ்வளவுதான். அதுவே அவருக்குப் போதுமா இருந்துச்சு.

ரகு வந்தானா, வரலையாங்கறதெல்லாம் அவருக்கு ஒரு கேள்வியே இல்லீங்க. அதே நேரத்துக்கு வேற நல்ல சீரியல் எந்தச் சேனல்ல வருதுன்னு கேக்கத்தான் ஆபீஸுக்கு வந்தாரு. நாலஞ்சு சீரியல் பேரு சொன்னேன். எதுவும் மனசுக்குப் பிடிக்கல. வாசப்படியில போய் நின்னு, செருப்பை மாட்டாம, கேட்டாரு:

"சும்மா கூப்பிட்டா எதுக்குன்னு கேப்பாளுங்க. இனி ஏழரைக்கு என்னத்தைச் சொல்லிப் போன் பண்றதுங்க?"

மாரமங்கலத்துல தட்டினேன்

ஊரே போன் பண்ணின அன்னிக்கு மாரமங்கலம் கிராமத்துப் பாக்கியம் மட்டும் பண்ணல. எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த சீரியல் நேரத்துல படம் லேசா ஆடினாலே கூப்பிடற பொண்ணு அது. அவ புருசன் மிளகு பறிக்கற வேலைக்குன்னு மேஸ்திரி கூடக் குடகுக்குப் போனவன், மூணு வருசமாச்சு. முதல்ல போன் வந்துச்சு. அப்புறம் அவன் போன் அணைஞ்சே கிடக்குது. மேஸ்திரியைக் கேட்டா, அவன் அப்பவே வேற தோட்டத்துக்குப் போயிட்டானேங்கறான்.

ஒரு வாரம் கழிச்சு, படமே வரல, கேபிள் பொட்டியில சிவப்பு லைட்டே எரியுது, முடியறப்ப வரச் சொல்லுங்கன்னு பஸ் கண்டக்டர்கிட்டச் சொல்லி விட்டிருந்தா. எங்கூட்டுக்காரருக்கு அந்த மழையில நனைஞ்ச காய்ச்சல் இன்னும் விடல. நானே ஒயரைச் சுத்தித் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தப்ப மத்தியானமே பனி மூடிக் கிடந்துச்சு. கதவைத் தட்டினேன்.

உள்ள பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்த சத்தம் நின்னுபோச்சு. எங்க ஊர்ப் பக்கம் கதவைத் தட்டினா, உள்ளயிருந்து "ஆரு?"ன்னு ஒரு குரல் வருமில்லீங்களா, அது வரல. காலடிச் சத்தம் மட்டும் மெதுவா கதவு வரைக்கும் வந்துச்சு, வந்து நின்னுபோச்சு. தாழ்ப்பாள்ல கை பட்டது எனக்குக் கேட்டுச்சு. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பாவி, அந்த சீரியலைப் பார்த்த புத்தி, நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

கதவு திறந்துச்சு. ஈரக் கையாலயே தலையைக் கோதி விட்டிருக்கா, முகத்தைத் தொடைச்சிருக்கா, சிரிச்சமேனிக்கு நின்னா. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல. அப்புறம் எங்கிருந்தோ வேற ஒண்ணை எடுத்துப் போட்டுக்கிட்டு, வாங்கக்கான்னா. அவன் இல்லாம நான் வந்து நின்னதுக்கு எனக்கே என் மேல கோவம்.

ஒயரை எலி கடிச்சிருந்துச்சு. மாத்திக் குடுத்தேன், படம் வந்துச்சு. அவ வரக்காப்பி போட்டுக் குடுத்தா. ரெண்டு பேரும் குடிச்சோம். மழையைப் பத்திப் பேசினோம், மிளகு விலையைப் பத்திப் பேசினோம், சுமதி பேச்சை அவளும் எடுக்கல, நானும் எடுக்கல. கிளம்பி வாசலுக்கு வந்தப்ப, கதவைப் பிடிச்சுக்கிட்டே சொன்னா:

"அக்கா, அடுத்த தடவ வந்தா, பேரைச் சொல்லிட்டுத் தட்டுங்கக்கா."

வெளிய நிக்கறது யாருன்னு சொல்லாமயே கதையை முடிச்சுக்கிட்டுப் போக சீரியல்காரங்களால முடியுமுங்க, கேபிள்காரி நான் இப்பல்லாம் எந்த ஊட்டுக்குப் போனாலும் "கேபிள் செல்வி வந்திருக்கேனுங்க"ன்னு கத்திட்டுத்தான் கதவைத் தொடறேன், மாரமங்கலத்துல மட்டும் பஸ்ஸை விட்டு எறங்கினதுமே கத்த ஆரம்பிச்சுர்றேன்.