ஹேமாவதியின் கிளைமாக்ஸ்

கோதுமையை இயந்திரத்தின் வாயில் கொட்டிக்கொண்டே பிணத்தைக் கிணற்றில் தள்ளுகிறார் ஹேமாவதி. முடிச்சூரில் மாவு மில் நடத்துபவர். பார்த்த கொலைப்படத்தை மறுநாள் வாடிக்கையாளரிடம் சொல்லாவிட்டால் அவருக்கு மாவு அரைபடாது. மில் சத்தத்தை மீறிக் கத்துவதால், "அவதான் போட்டுத் தள்ளுனா!" என்பது மெயின் ரோடு வரை கேட்கும். பக்கத்து ஃப்ளாட்டுகளுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் திடுக்கிட்டு நின்றுவிட்டுப் போவார்கள்.

தாம்பரத்தில் போய்ப் பார்த்த கடைசிப் படத்தில்தான் சிக்கல். தினமும் அடித்து நொறுக்கும் புருஷனை ஒருத்தி கொன்று கிணற்றில் போட்டுவிடுகிறாள். இன்ஸ்பெக்டர் வருகிறார். கிணற்றை எட்டிப் பார்க்கிறார். அவளைப் பார்க்கிறார். தொப்பியைக் கழற்றுகிறார். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

"வுட்டுட்டாரா, புடிச்சாரா? சொல்லுங்க சார்!" என்று மாவு அரைக்க வந்த கல்லூரி ஆசிரியர் ஜெபராஜை மடக்கினார்.

"ஓப்பன் எண்டிங்மா. முடிவை நாமதான் யோசிச்சுக்கணும்."

"டிக்கெட்டும் நானே எடுத்து, வேலையும் நானே பாக்கணுமா?"

ஆனால் ஹேமாவதி ஒரு முடிவை யோசித்துத்தான் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவளை விட்டுவிட்டார். "தொப்பியைக் கழட்டிட்டாருன்னா இன்னா அர்த்தம்? இனிமே அவரு போலீஸ் இல்ல, மனுசன்."

"கொலைன்னா கொலைதான். கம்பி எண்ணணும்" என்றார் கணவர் சிவகுமார். அன்றிலிருந்து அவருக்குப் புரோட்டாக் கடையில்தான் சாப்பாடு.

நேற்று பச்சரிசி டப்பாவோடு வந்த ஸ்டெபின், அந்தப் படத்தின் உதவி இயக்குநர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. ஹேமாவதி மில்லையே நிறுத்திவிட்டார். வரிசையில் நின்ற நாங்கள் நெருங்கிக்கொண்டோம். சிவகுமாரும் உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"கைவிலங்கு போட்டு ஜீப்புல ஏத்துற மாதிரிதான்க்கா எழுதியிருந்தோம்" என்றார் ஸ்டெபின். "அன்னிக்குன்னு பார்த்து மழை புடிச்சுக்கிச்சு. அப்புறம் இன்ஸ்பெக்டரா நடிச்சவரோட கால்ஷீட் கிடைக்கல. எடுத்த வரைக்கும் போதும்னு டைரக்டர் கட் பண்ணிட்டார்."

"நான் அப்பவே சொல்லல?" என்று துள்ளினார் சிவகுமார்.

ஹேமாவதி முகத்தில் படிந்திருந்த மாவைத் தோளால் துடைத்துக்கொண்டார்.

"மழை சும்மா வருமா? நீங்க எழுதுன முடிவு கடவுளுக்கே புடிக்கல. அதான் தண்ணிய ஊத்தி ஷூட்டிங்க நிறுத்திட்டாரு."

"இல்லக்கா, அது அக்டோபர் மாசம்..." என்று ஆரம்பித்தார் ஸ்டெபின்.

ஹேமாவதி வரிசையில் முதலாவதாக இருந்த ஸ்டெபினின் டப்பாவைத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்.