தென்மேற்குக் காலுக்கு அடியில் ஒரு கட்டை

1. ஃபோன் வந்த காலை

மயிலாப்பூரில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தேன். கண்ணாடி வெட்டுவது, ஓரம் தேய்ப்பது, சிலிகான் போட்டு ஒட்டுவது எல்லாம் என் கைதான். தொண்ணூறுகளில் ஊர் முழுக்க வாஸ்து பைத்தியம் பிடித்திருந்தது. அந்தப் பைத்தியத்துக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். மீன்மேல் ஆசைப்பட்டவர்கள் இரண்டடித் தொட்டியோடு நின்றுவிடுவார்கள். வடகிழக்கு மூலையில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று வந்தவர்கள்தான் நாலடி கேட்டார்கள்.

அப்படி ஒரு நாலடித் தொட்டி தி.நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடைக்குக் கொடுத்தேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கம். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஸ்டாண்டு மட்டும் வேண்டாம், எங்கள் ஆசாரியே பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். நானும் தொட்டியை இறக்கி, தண்ணீர் நிரப்பி, மீன் விட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. காலையில் கடையைத் திறந்ததும் ஃபோன். தொட்டி உடைந்துவிட்டது, கடைக்குள் வெள்ளம், உடனே வா என்றார்கள்.

ஆட்டோ பிடித்துப் போனேன். விற்பனையாட்கள் புடவைக் கட்டுகளை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீன்களை ஒரு பக்கெட்டில் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எம்மா, பொம்பள ஒட்டுன தொட்டி வேண்டாம்னு என் மச்சினன் அன்னைக்கே சொன்னான். நான்தான் கேக்கல" என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆனால் வாயைத் திறக்கும் முன் கண்ணாடியைப் பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். சிலிகான் போட்ட இடம் ஒன்றுகூட விடவில்லை. அடிக் கண்ணாடிதான் ஒரு மூலையில் ஆரம்பித்து எதிர் மூலை வரை குறுக்கே விரிசல் விட்டிருந்தது. கீழே முறுக்கு விழுந்தால்தான் கண்ணாடி அப்படிப் போகும். ஸ்டாண்டின் காலைப் பார்த்தேன். தென்மேற்கு மூலைக் காலுக்கு அடியில் சிவப்புப் பட்டுத் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை இருந்தது. அதற்கு மஞ்சள் குங்குமம் வேறு.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. நான் போன பிறகு வாஸ்துக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். தென்மேற்கு உயர்ந்து வடகிழக்கு தாழ்ந்தால் பணம் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். மொசைக் தரையைச் சாய்க்க முடியுமா? அதனால் தொட்டியைச் சாய்த்துவிட்டார்கள். ஒரு காலைத் தூக்கினால் பக்கத்துக் கால் ஒன்று அந்தரத்தில் ஆடும். மொத்தக் கனமும் மிச்ச இடத்தில் இறங்கும். அதிலும் ஆசாரி செய்தது ஸ்டாண்டே இல்லை, பளபளவென்று சன்மைக்கா ஒட்டிய ஒரு மேஜை.

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். "அது வாஸ்து சாமி வச்ச கட்டை. அதச் சொல்லித் தப்பிக்கப் பாக்காத" என்று அண்ணாச்சி ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

அந்தத் தெருவில் இன்னும் இரண்டு கடைகள் என்னிடம் தொட்டி சொல்லி வைத்திருந்தன. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். தி.நகரில் பெயர் கெட்டால் மயிலாப்பூருக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? கடையை மூடிவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான் என்று பயம் வந்துவிட்டது. மறுநாள் போய், புதுத் தொட்டி நான் தருகிறேன், ஆனால் ஸ்டாண்டையும் நான்தான் செய்வேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். இலவசம் என்றதும் சம்மதித்தார்.

2. ஐந்து பேர் கனம்

என் கைக்காசில் செய்ய வேண்டிய ஸ்டாண்டு. அதனால் மரத்தில்தான் மிச்சம் பிடிக்க முடியும். அப்போது மயிலாப்பூரில் ஃப்ளாட் கட்டுவதற்காகப் பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையிலிருந்து இறங்கும் தேக்குச் சட்டங்களில் நீளமானவற்றுக்குப் போட்டி இருக்கும். மூன்றடிக்குக் குறைந்த துண்டுகளை யாரும் தொட மாட்டார்கள், விறகுக்குத்தான் போகும். மீன் தொட்டி ஸ்டாண்டுக்குக் கால் இரண்டரை அடி போதும். மேலும் கீழும் ஓடும் நாலடிச் சட்டங்களுக்கு மட்டும் நாலு நீளத் துண்டைக் காசு கொடுத்து எடுத்தேன். ஒரு கை வண்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன்.

எனக்கு மர வேலை செய்து கொடுத்தவர் பட்டினப்பாக்கத்துக் கஜா. வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. மரம் முழுக்க ஆணி இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா, ஆணி புடுங்கவே ரெண்டு நாளு ஆவும் போல கீது. ஒரு மீனுக்கு இம்மாம் பெரிய ஸ்டாண்டா?"

மீனுக்கு இல்லை, தண்ணீருக்கு என்றேன். நாலடித் தொட்டியில் தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஐந்து ஆள் கனம் வரும். அந்த ஐந்து ஆளும் ராத்திரி பகல் இறங்காமல் அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். மேஜை செய்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இளைய பிள்ளைகள் யாராவது வீட்டிலேயே செய்யப் போகிறீர்கள் என்றால் கவனித்துக்கொள்ளுங்கள். மேல் சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிட்டால் கனம் முழுவதையும் ஸ்க்ரூதான் தாங்கும், அது எத்தனை நாளைக்கு? நாலடிக்கு நாலு கால் போதாது, நடுவில் இரண்டு கால் கட்டாயம். மூலைகளில் ஆணி அடிக்காமல் போல்ட் போட்டு முடுக்குங்கள். முதுகுப் பக்கம் ஒரு ப்ளைவுட் பலகை அடித்தால் ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடாது. தொட்டிக்கும் அது உட்காரும் மேல் பலகைக்கும் நடுவே தெர்மாகோல் விரிக்க மறக்காதீர்கள். அண்ணாச்சிக்காகவே இன்னொன்றும் செய்தேன். கால்கள் தனித்தனியாகத் தரையில் நிற்காதபடி, அடியிலும் ஒரு முழுச் சட்டம் போட்டு எல்லாக் கால்களையும் அதில் இறக்கிவிட்டேன். கட்டையைச் செருக ஒற்றைக் கால் இருந்தால்தானே.

ஸ்டாண்டு கடைக்குப் போனதும் நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. பிறகு விற்பனையாட்கள் நான்கு பேரை மேலே ஏறி உட்காரச் சொன்னேன். ஐந்தாவது ஆள் குறைந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். ஒரு முனகல் சத்தம்கூட வரவில்லை.

"ஸ்டாண்டு சரிதான். வடகிழக்கு தாழணும்லா? அதுக்கு என்ன சொல்லுத?" என்றார்.

அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். தொட்டி மட்டமாகவே இருக்கட்டும், உள்ளே போடும் கல்லைச் சரிவாகப் பரப்பலாம். தென்மேற்கில் ஒரு சாண் உயரம், வடகிழக்கில் நாலு விரல். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, மீனுக்கும் சந்தோஷம். அண்ணாச்சி உடனே வாஸ்துக்காரரைக் கூட்டி வரச் சொன்னார். அவர் போதாது என்று சொல்லிவிட்டால் எங்கேயாவது ஒரு கட்டை நுழையும், இந்தத் தொட்டியும் போகும். அவர் வருவதற்குள் தொட்டியை ஏற்றிக் கல்லைச் சரிவாகப் பரப்பிவிட்டேன். வாஸ்துக்காரர் வந்தார், குனிந்து அடிச் சட்டத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னையும் ஒரு தடவை பார்த்தார். தாராளமாகப் போதும் என்றார்.

3. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

தொட்டி நின்றது. பெயர் நிற்கவில்லை. அந்தம்மா தப்பை ஒத்துக்கொண்டுதான் சும்மா மாற்றிக் கொடுத்தாள் என்று தெருவில் பேச்சு. போன ஆர்டர் போனதுதான். நல்ல ஸ்டாண்டு செய்து போட்டும் பழி நீங்கவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை.

சில வாரம் கழித்து அந்த வாஸ்துக்காரரே என் கடைக்கு வந்தார். திருவான்மியூரில் அவர் வீட்டுக்கு மூன்றடித் தொட்டி, அதே மாதிரி ஸ்டாண்டோடு வேண்டுமாம். தொழில் தொழில்தான் என்று செய்து எடுத்துப் போனேன். வடகிழக்கு எது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். அந்த மூலையில் வெயில் விழுகிறது, பாசி பிடிக்கும், ப்ளக் பாயிண்டும் எதிர் மூலையில்தான் இருக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வைத்து, மட்டம் பார்த்து, ஹோஸைக் கையில் எடுத்தேன். எல்லோரிடமும் சொல்வதுபோல, ஸ்டாண்டுக்கு அடியில் எதையும் செருகக் கூடாது என்றேன்.

"மாட்டேன்மா. அந்தக் கட்டையாலதான அங்க தொட்டி போச்சு" என்றார், சாதாரணமாக.

ஹோஸைக் கீழே போட்டேன்.

"தெரியுமா உங்களுக்கு? அப்ப அங்க ஏன் வாயத் திறக்கல?"

"சொன்னா என் பேரு என்னம்மா ஆகும்?"

"என் பேரு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல. ஃபோன் எங்க இருக்கு?"

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோன் இருக்கும் இடத்தை அவர்தான் கை காட்டினார். நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பேசுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் காலித் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எண்ணைச் சுற்றினார். கட்டை வைக்கச் சொன்னது தன் தவறு, தொட்டியில் குறை இல்லை என்று அண்ணாச்சியிடம் என் காது கேட்கச் சொன்னார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் காதில் வைத்தேன்.

"எம்மா, நீ அன்னைக்கே சொன்னல்லா" என்றார் அண்ணாச்சி.

"சொன்னேன் அண்ணாச்சி."

"நாளைக்கு என் மச்சினனக் கூட்டிட்டு வாரேன். அவன் வாயால மன்னிப்பு கேக்கணும்லா ஒங்கிட்ட."

மறுநாள் இருவரும் வந்தார்கள். மச்சினன் தலை குனிந்தபடி மன்னிப்புக் கேட்டார். அண்ணாச்சி என் கடையிலிருந்தே அந்த இரண்டு கடைக்காரர்களுக்கும் ஃபோன் போட்டு, தொட்டியில் குறை இல்லை என்று சொன்னார். அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தொட்டி ஒட்டுகிறவர் ஸ்டாண்டையும் தானே செய்ய வேண்டும். எந்த மூலை என்பது வாங்குகிறவர் இஷ்டம், மட்டம் நம் பொறுப்பு. வேறொருவர் செய்ததற்கு நம்மேல் பழி வந்தால், அதைச் சொல்ல வேண்டியவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அவர் சொல்கிற வரைக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.