பல்மருந்துக்கு அம்மா சொன்ன ஓம்

நானும் அம்மாவும் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்கு அப்பாவிடம் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் என் கடைவாய்ப் பற்கள் இரண்டு கறுக்கத் தொடங்கின. பள்ளிக்கூடத்துப் பல் வைத்தியர் அம்மாவை வரச் சொன்னார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. மொழிபெயர்க்கச் சித்தப்பா வந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் டென்மார்க்கில் அப்போது குறைவு.

வைத்தியர் உயரமான, தலை நரைத்த பெண். சொத்தை பரவாமலிருக்கப் பற்களுக்கு ஃபுளோரைட் மருந்து பூச வேண்டும், சம்மதமா என்று கேட்டார். அம்மாவுக்காகச் சித்தப்பாவே தலையாட்டிவிட்டார். வைத்தியர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"சில நாடுகளிலை இதைக் குழாய்த் தண்ணியிலேயே கலந்து விடுகினம், அண்ணி. எல்லாப் பிள்ளையளுக்கும் போய்ச் சேரும். இஞ்சை ஒவ்வொரு வாயாத் திறந்து பூசிக்கொண்டிருக்கினம்," என்றார் சித்தப்பா.

"இஞ்சை ஏன் கலக்கேல்லை எண்டு கேளுங்கோ, தம்பி."

வைத்தியர் யோசித்துத்தான் பதில் சொன்னார். தண்ணீரில் கலந்தால் தன்னிடம் வராத பிள்ளைக்கும் பலன் கிடைக்கும், அது பெரிய விஷயம்தான். ஆனால் வேண்டாம் என்கிறவரும் அதையேதானே குடிக்க வேண்டும் என்றார். அதனால் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிறாராம்.

நாற்காலியில் இருந்த என் வாயை அம்மா குனிந்து பார்த்தார். பிறகு, "முதல்லை என்ரை பல்லிலை பூசச் சொல்லுங்கோ," என்றார்.

சித்தப்பா வெட்கப்பட்டு அதை மொழிபெயர்க்காமல் நின்றார். அம்மாவே வாயைத் திறந்து, தன் பல்லை விரலால் தொட்டுக் காட்டினார். வைத்தியர் சிரிக்கவில்லை. என்னை இறக்கிவிட்டு அம்மாவை நாற்காலியில் ஏற்றி, சின்னத் தூரிகையால் ஒரு பல்லில் பூசினார். அம்மா நாக்கால் தடவிப் பார்த்தார்.

"பிசின் மாதிரி இருக்கு. ஓம், பிள்ளைக்குப் பூசட்டும்."

அன்று அந்த அறையிலேயே பெரிய ஆள் அம்மாதான் என்று எனக்குப் பட்டது. சொத்தையும் அதற்குமேல் பரவவில்லை.

மாலையில் அப்பா கதவைத் திறந்ததும் அம்மா சொன்ன முதல் செய்தி, "இண்டைக்கு என்னட்டைச் சம்மதம் கேட்டவை" என்பது. அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முன்னே வந்த அப்பாமாரோடு சேர்வதற்காக எங்களைப் போன்ற குடும்பங்கள் போட்ட விண்ணப்பங்களை டென்மார்க் அமைச்சர் ஒருவர் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்த விவகாரம் அந்நாட்களில்தான் நாடு முழுக்கப் பேசப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் அம்மா வருஷக்கணக்காகக் காத்திருந்தபோது யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா அப்படிக் கையைப் பிடித்ததைப் பார்த்து, என் பல் அவ்வளவு மோசமாகிவிட்டதாக்கும் என்று பயந்து, கண்ணாடிக்கு முன்னால் போய் வாயைத் திறந்து பார்த்தேன்.